சாய்ந்த ரொட்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டின் குளிர்காலத்தில்தான் அவரை முதன்முதலில் பார்த்தேன். அந்தக் கட்டடத்தின் முதல் மாடிக்கு நான் குடிவந்த நாள் அது. சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்து வைத்திருப்பதாக வீட்டு உரிமையாளர் சொல்லியிருந்தார். கதவைத் தட்டினேன். "திறந்துதான் இருக்கு, தள்ளுங்க" என்று சற்றுக் குழறலான ஆண் குரல் ஒன்று உள்ளிருந்து வந்தது.

சுவரோரக் கட்டிலில், கழுத்துவரை கம்பளி போர்த்தியபடி ஒருவர் மல்லாந்து படுத்திருந்தார். தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது. அவருடைய இடப்பக்கத்தில் கம்பளி வட்டமாக மேடிட்டிருந்தது. அந்த மேட்டின்மேல் இடக்கையைப் பதித்து வைத்திருந்தார்.

"சாவி அந்த ஆணியில தொங்குது, நீங்களே எடுத்துக்குங்க. நான் எழுந்து தர முடியாது. பயணி ஏறியிருக்கார்."

கம்பளிக்குள் குழந்தை உறங்குகிறதோ என்று நினைத்துக் குரலைத் தாழ்த்தி, "பேரக் குழந்தையா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. மாவு."

சமையலறையிலிருந்து அவருடைய மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "முதல் நாளே ஆரம்பிச்சுட்டீங்களா? நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்கம்மா. ரொட்டிக்குப் பிசைஞ்ச மாவு. இந்த வீட்டுல இவர் பக்கத்துல வச்சாத்தான் உப்புது." இப்படிச் சொல்லியவாறு கம்பளியின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். துணி சுற்றித் தட்டால் மூடிய வெள்ளை எனாமல் பாத்திரம் ஒன்று அவர் விலாவோடு ஒட்டி இருந்தது. ஏலக்காயும் ஆரஞ்சுத் தோலும் கலந்த வாசனை மெல்ல எழுந்தது.

அன்று மாலை அந்த ரொட்டியின் ஒரு துண்டு, இன்னும் சூடு ஆறாமல், என் வீட்டுக்கு வந்தது. மேற்புறம் பொன்னிறமாகச் சிவந்திருந்தது. ஆனால் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருந்தது. ஓவனின் குறை என்று எண்ணிக்கொண்டேன்.

அவர் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் டிரைவர் அண்ணன். அவர் மனைவி அக்கா. நானும் அவ்வாறே அழைக்கலானேன். பள்ளியில் வேலை பார்த்ததால் நான் அவர்களுக்கு டீச்சரானேன். ஆற்றுப்பாலத்திலிருந்து நூற்பாலைவரை செல்லும் தடத்தில்தான் அவர் பெரும்பாலும் வண்டி ஓட்டினார். அவர் ஓட்டும் வண்டியில் பால் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு தூங்கலாம் என்று அந்தத் தடத்தில் பெயர். நிறுத்தம் கண்ணுக்குத் தெரியும் முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு வருவார். வண்டி எப்போது நின்றது என்றே தெரியாதாம். ஆலைச் சங்கு ஊதிய பிறகு தலைதெறிக்க ஓடிவரும் பெண்களுக்காகக் காத்திருப்பது விதிக்குப் புறம்பானது. ஆகவே, நடத்துநர் விசில் ஊதிய பிறகும், ஏற்கெனவே துடைத்த முன்கண்ணாடியைக் கீழே இறங்கி மறுபடியும் துடைப்பார். கடைசிப் பெண் ஏறும்வரை கண்ணாடியில் அழுக்கு இருந்துகொண்டே இருக்கும்.

பிறருக்காக இவ்வளவு செய்தவர், தமக்காக ஒன்றையும் கேட்க மாட்டார். இளம் வயதிலேயே பெற்றோரை இழந்து பெரியப்பா வீட்டில் வளர்ந்தவர் அவர். அங்கே இன்னொரு கரண்டி கேட்டால் சோறு வரும். கூடவே ஒரு சொல்லும் வரும். அந்தச் சொல்லைத் தவிர்ப்பதற்காகச் சோற்றைத் தவிர்த்துப் பழகியவருக்கு, சொந்த வீடு வாசல் வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

"தண்ணி வேணும்னாக்கூடக் கேக்க மாட்டார் டீச்சர்" என்று அக்கா சொல்வதுண்டு. "சொம்பைப் பாப்பார். அவர் சொம்பைப் பாக்கறதை நான் பாக்கணும். இப்படியே குடும்பம் நடத்தியாச்சு."

நான் குடிவருவதற்கு முந்தைய ஆண்டு, காலையில் பணிமனையில் வண்டியைக் கிளப்பப் போனவருக்கு, வலக்கை ஸ்டீயரிங்கை நோக்கி எழவில்லை. வலக்காலும் அப்படியே ஓய்ந்தது, நாக்கு குழறியது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகு பேச்சு ஓரளவு திரும்பும் என்று மருத்துவர் சொன்னார். ஆனால் அவர் பேச முயலவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தார். வலி அவரை அவ்வளவு வருத்தவில்லை; தாம் இனி இந்த வீட்டுக்குப் பாரம் என்ற எண்ணம்தான் அவரை உள்ளுக்குள் அரித்தது. ஊட்டினால் உண்டார், புரட்டினால் புரண்டார். தூக்கி ஒரு மூலையில் வைத்த சாமானைப்போல் தம்மைக் கருதத் தொடங்கிவிட்டார்.

பணிமனைக்கு எதிரேயிருந்த தேநீர்க் கடையில் ஏலக்காயும் ஆரஞ்சுத் தோலும் போட்ட இனிப்பு ரொட்டி கிடைக்கும். முதல் ஷிப்ட் முடிந்து வரும்போது அதைத் தாளில் சுற்றி வாங்கி வருவது அவருடைய வழக்கம். அந்த வாசனை வந்தாலாவது சுவரிலிருந்து முகத்தைத் திருப்புவாரோ என்ற ஆசையில், அக்கா கடைக்காரரிடம் பக்குவம் கேட்டு வந்து வீட்டிலேயே செய்யத் தொடங்கினார். வெதுவெதுப்பான பாலில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து நுரைக்க விடுவார். மாவில் அதை ஊற்றி, வெண்ணெய் சேர்த்து, கை வலிக்கப் பிசைவார். ஆனால் அந்த வீடு கட்டடத்தின் பின்புறத்தில் இருந்தது. வெயில் எட்டிப் பார்க்காத வீடு அது. குளிர்காலத்தில் தரை கிணற்றடிபோல் சில்லிட்டுக் கிடக்கும். மாவு உப்பவே இல்லை. வெந்து வந்தவை ரொட்டிகள் அல்ல, குழவிக் கற்கள் என்று அக்காவே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

பிறகு ஒரு நாள், துவைத்த துணிகள் மேசையெல்லாம் குவிந்திருந்ததால், மாவுப் பாத்திரத்தை வைக்க இடமில்லாமல் கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் வைத்தார். கைபட்டுக் கவிழாமல் இருக்கட்டும் என்று கம்பளியையும் இழுத்து மூடிவிட்டு மருந்து வாங்கப் போனார். கடையில் கூட்டம். திரும்பி வந்தபோது பாத்திரத்தின் மேலிருந்த தட்டு சரிந்து கிடந்தது. மாவு விளிம்புக்கு மேலே தலை தூக்கியிருந்தது. கட்டிலில் இருந்தவர் சுவரைப் பார்க்கவில்லை, மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயணி எழுந்து நின்னுட்டார்" என்றாராம். நோய் வந்த பிறகு அவர் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

அன்றிலிருந்து அது அவருடைய வேலையாயிற்று. பாத்திரத்தில் ஒரு தடவையும், உருட்டித் தகர அச்சில் இட்ட பிறகு மறு தடவையும் மாவு உப்ப வேண்டும். இரண்டுக்கும் அவரிடம்தான் வரும். "இரண்டு டிரிப்" என்பார். நன்றாக இயங்கிய இடக்கையால் துணியை விலக்கிப் பார்த்து அவ்வப்போது நிலவரம் அறிவிப்பார். அக்கா சமையலறையிலிருந்து பதில் கொடுப்பார்.

"எந்த ஸ்டாப் வந்திருக்கு?"

"இப்பத்தான் பாலம் தாண்டியிருக்கு. அவசரப்படாதே."

"அடுப்பைப் பத்த வைக்கட்டுமா?"

"இரு, இரு. ஓடற வண்டியிலேருந்து ஆளை இறக்கக் கூடாது."

அவர் உடம்பை ஒட்டியிருந்த பக்கம் முதலில் சூடேறும். அந்தப் பக்கத்து மாவுதான் முதலில் எழும். அச்சிலும் அப்படித்தான். ஆகவே அந்த வீட்டு ரொட்டி என்றைக்கும் ஒரு பக்கம் உயர்ந்தே வெந்தது. கட்டடத்தில் அதற்குச் சாய்ந்த ரொட்டி என்றே பெயர். சனிக்கிழமைகளில் அக்கா துண்டு போட்டு எல்லா வீடுகளுக்கும் அனுப்புவார். உயர்ந்த பக்கத்துத் துண்டுக்குப் பிள்ளைகளிடையே போட்டி நடக்கும். அந்தச் சச்சரவு கீழே கேட்டால் அண்ணனுக்கு மகிழ்ச்சி. "ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடறாங்க" என்பார்.

அவர்களுடைய ஒரே மகள் வேறோர் ஊரில் மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தர். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். தந்தைமேல் உயிர். ஆனால் இந்த ஏற்பாடு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் சமையலறையில் தாயிடம் சொன்னாள். நானும் அங்கே இருந்தேன்.

"அம்மா, இந்த ரொட்டியைக் கட்டடம் பூரா குடுக்கறே. மாவை எங்க வச்சிருந்தேன்னு யாராவது கேட்டா என்ன சொல்லுவே?"

"உங்கப்பாகிட்ட இருந்துச்சுன்னு சொல்லுவேன்."

"நோயாளி படுக்கைம்மா அது."

"மூடித்தானேடி வைக்கிறேன்? விரிப்பை நாள் தவறாம மாத்தறேன். உன்னையும் அதே இடத்துலதான் போட்டு வளத்தேன். நீ என்ன ஊசிப்போயிட்டியா?"

நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அந்தச் சமையலறைக்குக் கதவு கிடையாது, வெறும் திரைதான். அப்பால் கட்டிலிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

அடுத்த முறை வந்தபோது மகள் ஒரு மரப்பெட்டி கொண்டுவந்தாள். உள்ளே மின்விளக்கு பொருத்தியிருந்தது. அலுவலக மின்பணியாளரிடம் சொல்லிச் செய்வித்தாளாம். விளக்கைப் போட்டுப் பாத்திரத்தை உள்ளே வைத்தால் போதும். மாவு அதில் அழகாக உப்பியது. ரொட்டி மட்டப்பலகை வைத்துப் பார்த்ததுபோல் நேராக வெந்து வந்தது. அண்ணன் ஒரு துண்டு தின்றார். "நல்லா இருக்கு. ரொம்ப நேரா இருக்கு" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாளும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. அதற்கு மறுநாள் அக்கா விளக்கைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி அலமாரியில் போட்டுவிட்டு, பெட்டியில் வெங்காயத்தைக் கொட்டி வைத்தார். "பெட்டியில வச்சா ருசியே வரலைடி" என்று மகளிடம் சொன்னார். அவள் வெங்காயத்தைப் பார்த்தாள். கம்பளிக்குக் கீழே இருந்த மேட்டையும் அதன்மேல் இருந்த கையையும் பார்த்தாள். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

மறு குளிர்காலத்தில் ஒரு நாள் அக்கா கீழிருந்து என்னைக் கூவி அழைத்தார். போய்ப் பார்த்தேன். மாவு பாத்திரத்தை விட்டு வெளியேறிக் கம்பளியில் வழிந்துகொண்டிருந்தது.

"பாருங்க டீச்சர், இப்பத்தான் வச்சேன். என்ன ஈஸ்ட்டு இது, பேய் பிடிச்ச மாதிரி! கடைக்காரன் எதைக் குடுத்தானோ!"

"கூட்டம் ஜாஸ்தி" என்று அண்ணன் முனகினார்.

வழிந்த மாவைத் துடைக்க அக்கா விரிப்பில் கை வைத்தார். உடனே கையை எடுத்தார். பிறகு அதே கையை அவர் நெற்றியில் வைத்தார்.

"ஐயோ, கொதிக்குதே! எத்தனை நாளா இப்படி?"

மருத்துவமனைக்குப் போவதென்றால் ஆட்கள் வந்து அவரைத் தூக்கி வாடகைக் காரில் வைக்க வேண்டும். அதற்கு அஞ்சி, சளிக் காய்ச்சலை யாரிடமும் சொல்லாமல் அடக்கி வைத்திருந்தார். அக்கா மாவைப் பார்த்து, "நீயாவது வாயைத் திறந்தியே" என்றார். "காட்டிக் குடுத்துடுச்சு. இனி இதுகிட்டயும் ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார் அண்ணன். அன்று மாலையே மருத்துவமனையில் சேர்த்தோம். காய்ச்சல் நுரையீரல்வரை போயிருந்தது. பிழைத்து வந்தார். ஆனால் இதயம் தளர்ந்துவிட்டது என்று மருத்துவர் அக்காவைத் தனியே அழைத்துச் சொன்னார்.

அதற்கு அடுத்த குளிர்காலத்தில் மாவு உப்ப மறுத்தது.

முதலில் கொஞ்சம் தாமதமாயிற்று. பிறகு பாதியில் நின்றது. காலையில் வைத்த மாவு பிற்பகலிலும் வைத்தது வைத்தபடியே இருந்தது. ரொட்டி கனத்துப் போயிற்று. நடுவில் வேகாமல் பிசுபிசுத்தது. கணவன், மனைவி இருவரும் சேர்ந்து ஈஸ்ட்டைத் திட்டினார்கள். காய்ச்சலைக்கூட ஈஸ்ட்டின் குற்றம் என்று நினைத்தவர் அல்லவா அக்கா? இப்போதும் அவர்களுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. "செத்த ஈஸ்ட்டு. அந்த ஆள் தலையில கட்டிட்டான்" என்றார் அண்ணன். அக்கா மளிகைக் கடைக்குச் சென்று சண்டை பிடித்தார். கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"என்னக்கா, என் சரக்கு செத்துப்போச்சுங்கறீங்களா? எல்லார் வீட்டுலயும் உயிரோட இருக்கு, உங்க வீட்டுக்கு வந்தா மட்டும் சாகுதா?"

இப்படிச் சொன்னதோடு நில்லாமல், ஒரு கோப்பையில் வெந்நீரை விளாவி, சர்க்கரை போட்டு, அதே பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை ஈஸ்ட்டைத் தூவிக் கடை மேசையின்மேல் வைத்தார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். சற்று நேரத்தில் கோப்பை நுரைத்துப் பொங்கிற்று.

"பாருங்க" என்றார் கடைக்காரர், வெற்றியோடு.

அக்கா பார்த்தார். ஈஸ்ட்டில் குறையில்லை. மாவும் பழைய மாவுதான். பாலும் அதே பால்தான். வேறு எது மாறியிருக்க முடியும் என்பது அந்தக் கடை வாசலில்தான் அவருக்கு உறைத்தது. முந்தின நாள் கணவருக்குக் காலுறை மாட்டும்போது அவருடைய பாதம் ஈரத் துணிபோல் சில்லிட்டிருந்தது நினைவுக்கு வந்தது. கடைக்காரர் தாம் ஏதோ தவறாகப் பேசிவிட்டதாகப் பதறி, "விடுங்கக்கா, வேற பொட்டலம் வேணா எடுத்துக்குங்க" என்றாராம்.

அக்கா நேரே மாடிக்கு என்னிடம் வந்தார். உட்காரவில்லை. கடையில் நடந்ததைச் சொல்லி முடித்தார். பிறகு, "உங்க அடுப்படி கதகதப்பா இருக்கும். மாவை இங்க வச்சுக்கலாமா? அவருக்குத் தெரிய வேண்டாம். அது ஒண்ணுதான் அவரைத் திருப்பிப் போட்டது டீச்சர். அதுவும் போச்சுன்னா மறுபடியும் சுவரைப் பாத்துடுவார்" என்றார்.

அன்று முதல் இப்படி நடந்தது. வழக்கம்போல் அவர் கண்முன்னே பாத்திரம் கம்பளிக்குள் போகும். மருந்துண்டு அவர் கண்ணயர்ந்ததும், அக்கா அதை எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் படியேறி வருவார். என் அடுப்புக்குப் பக்கத்துப் பலகையில் அது உப்பும். அவர் விழிப்பதற்குள் மறுபடியும் விலாவோரம் போய்ச் சேரும். அச்சுக்கும் அதே கதி. "பாத்தீங்களா, புது ஈஸ்ட்டு நல்லா வேலை செய்யுது" என்று அக்கா உரக்கச் சொல்வது எனக்கு மேலே கேட்கும். "ஆமா ஆமா, நல்ல சரக்கு" என்று அவர் ஒத்துக்கொள்வதும் கேட்கும்.

மகளிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்ததும் முதலில் என்னை நலம் விசாரிக்க மாடிக்கு வந்தாள். பலகையில் தாயின் பாத்திரத்தைக் கண்டாள். இடம் போதாமல் இங்கே வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டாள். "நல்லா உப்பியிருக்கே, நானே எடுத்துட்டுப் போறேன்" என்று தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். நான் பின்னாலேயே சென்றேன். அவளை எட்டிப் பிடிப்பதற்குள், "அம்மா, டீச்சர் வீட்டுல வச்சிருந்த மாவு, எங்க வைக்கட்டும்?" என்று அவள் நடுவீட்டில் நின்று கேட்டுவிட்டாள்.

அக்கா சமையலறைத் திரையைப் பிடித்தபடி நின்றார். அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"எப்பவும் வைக்கிற இடத்துலதான்" என்றார். "நான் முழிக்கறதுக்கு முன்னாடி வச்சிருக்கணும். நீ கொஞ்சம் லேட்டு."

பிறகு அக்கா, "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"ரொட்டி நேரா வருதே. நம்ம வீட்டு ரொட்டி என்னைக்காவது நேரா நின்னிருக்கா?"

"அப்போ ஏங்க சொல்லலை?"

"நீ அவ்வளவு பாடுபட்டு ஏமாத்தறே. அதைப் போய் வீணாக்கணுமா? நானும் என் பங்குக்குக் குறட்டை விட்டேனே, கேக்கலையா?"

அக்கா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. மகள் பாத்திரத்தைக் கீழே வைக்கத் தோன்றாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அண்ணன் அமைதியாகச் சொன்னார்: "இனிமே மாடியிலேயே இருக்கட்டும். ஏறி இறங்கி உன் முட்டியும் போகணுமா? வண்டி நின்னுபோச்சுன்னா பயணியை வேற வண்டியில ஏத்தி விடறதுதான் முறை. அதுல வருத்தப்பட என்ன இருக்கு?"

வருத்தமில்லை என்று சொன்னவர் அன்று மாலையே சுவர்ப் பக்கம் திரும்பினார். அக்கா அஞ்சியது அப்படியே நடந்தது. முன்போல் ஊட்டினால் உண்டார், புரட்டினால் புரண்டார். இம்முறை அதிலும் பாதிதான். போர்வைக்குமேல் போர்வை போட்டும் கைகால்களில் சூடு ஏறவில்லை. மகள் ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்றை வாங்கி வந்து நிரப்பிப் பக்கத்தில் வைத்தாள். அவர் அதை இடக்கையால் மெல்லத் தள்ளிக் கீழே விழச் செய்தார். நோயாளிக்கென்றே செய்த பொருள் எதுவும் அவருக்கு ஆகாது. அக்கா ரொட்டி சுடுவதை நிறுத்திவிட்டார். சனிக்கிழமைகளில் பிள்ளைகள் வந்து வாசலில் நின்றுவிட்டு, யாரும் ஒன்றும் சொல்லாமலே திரும்பிப் போனார்கள்.

இதற்குப் பின் ஒரு காலைப் பொழுது. சாளரக் கண்ணாடியில் பனி படர்ந்திருந்தது. நான் கீழே போனபோது அக்கா மாவு பிசைந்துகொண்டிருந்தார். சமையலறைத் தரை கால் வைக்க முடியாத அளவுக்குக் குளிர்ந்திருந்ததால், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் பாத்திரத்தை வைத்திருந்தார். யாருக்காகச் செய்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் விடை தெரிந்திருக்காது. பால் சற்றுக் கூடுதலாகச் சுட்டுவிட்டது போலும். மாவிலிருந்து மெல்லிய ஆவி எழுந்தது. ஏலக்காய் வாசனை அறையை நிறைத்தது.

பிசைந்து முடித்து, மூடி, துணி சுற்றினார். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கதவை நோக்கித் திரும்பினார், என் வீட்டுக்குத்தான்.

"அதை இங்க வை" என்றார் அண்ணன். சுவரிலிருந்து முகத்தைத் திருப்பியிருந்தார்.

அக்கா தயங்கினார். இனிப் பொய் சொல்ல இடமில்லை. "இங்க வச்சா உப்பாதுங்க" என்றார், மிகவும் தாழ்ந்த குரலில்.

"உப்ப வேண்டாம். எனக்குக் குளிருது. அது சூடா இருக்கு."

அக்கா சரியாகத்தான் கேட்டோமா என்பதுபோல் என்னைப் பார்த்தார். பிறகு கம்பளியை விலக்கிப் பாத்திரத்தை அவர் விலாவோரம் வைத்தார். அவர் அதைச் சுற்றி இடக்கையைப் போட்டுக்கொண்டார். சற்று நேரம் கழித்துக் கண்ணை மூடினார். அன்று அது நடிப்பில்லை. அக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்துச் சென்று, "கேட்டுட்டார் டீச்சர். வாயைத் திறந்து கேட்டுட்டார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதன் பின் மாவு என் அடுப்படியில் உப்பியது. உப்பிய சூட்டோடு கீழே வந்து அவர் பக்கத்தில் சிறிது நேரம் இருந்தது. பிறகு ஓவனுக்குப் போயிற்று. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. நாள்தோறும் சுட வேண்டியிருந்ததால் கட்டடத்தில் ரொட்டிக்குக் குறைவே இல்லை. ஒரு தடவை கேட்டுப் பார்த்தவருக்கு அது கைவந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். தண்ணீர் கேட்டார். திரையை விலக்கச் சொன்னார். முதுகைச் சொறிந்துவிடச் சொன்னார்; அங்கே இல்லை, இன்னும் மேலே என்றார். "ஒரே அதிகாரம்! இத்தனை வருஷத்துக்கும் சேத்து இப்பத்தான் கேக்கறார்" என்று அக்கா படியேறி வந்து முறையிடுவார். முறையிடும்போது அவர் முகத்தில் இருந்த நிறைவை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளிடம், "இன்னைக்குப் போகாதே, இரு" என்றார். அவள் விடுப்பு எழுதிப் போட்டுவிட்டுத் தங்கிவிட்டாள். அது நல்லதாயிற்று.

குளிர்காலம் முடியும் தறுவாயில், ஒரு பிற்பகலில் அவர் காலமானார். வேதனை இல்லை, மூச்சு மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றது என்று மகள் சொன்னாள். அன்று காலை அவரைக் கடைசியாகப் பார்த்தேன். பாத்திரத்தை நான்தான் மாடியிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். மகள் கால்மாட்டில் அமர்ந்து அவர் பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாவு நன்றாக உப்பி, துணியை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. அவர் அதைச் சுற்றிக் கைபோட்டபடி வெகு நேரம் படுத்திருந்தார். உருட்டி அச்சில் இடும் பதம் வந்துவிட்டது. அதற்குமேல் விட்டால் மாவு புளித்து அமுங்கிவிடும்; பிறகு எதற்கும் உதவாது. இது அவருக்கும் தெரியும். அக்கா குனிந்து, "எடுக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே பாத்திரத்தில் கை வைத்தார்.

"வேண்டாம், இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றார். "நீயும் இப்படி உக்காரு."